வாய் நிறையத் தீர்த்தம்

திரைச்சாமியின் முகத்தை எங்கள் ஊரில் யாருமே பார்த்ததில்லை. அதனால்தான் அந்த முகத்தில் ஒளி வீசுகிறது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். பார்த்திருந்தால் ஆளுக்கொரு கருத்து வந்திருக்கும்.

ஊர்ப் பொதுக்கூடத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புத் திரை தொங்கியது. அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், ஸ்டூலில் உட்கார்ந்து, ஓட்டைக்குள் கையை நீட்ட வேண்டும். சாமி மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, உடம்பில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவார். கண்ணை மூடினார் என்பதும் கேள்விப்பட்டதுதான்.

ஆண்களுக்கு அவர் நாடி பார்ப்பதில்லை. ஆண்களுக்குக் குறையே கிடையாது என்பது அவருடைய கொள்கை. அந்த ஒரு கொள்கைக்காகவே ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அவருக்கு பக்தர்களாகிவிட்டார்கள்.

விடிந்தும் விடியாமலும் வரிசை நிற்கும். வாசலில் சாமியின் மைத்துனர் ஒரு செம்போடு உட்கார்ந்திருப்பார்.

"என்ன உடம்புக்கு?"

"தலைவலி."

"அடுத்து?"

"தலைவலிங்க."

"நீங்கம்மா?"

"அதே தலைவலிதான்."

உலகத்தில் எந்த ஊரிலும் அத்தனை தலைவலி ஒரே வரிசையில் நின்றிருக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மட்டும் ஒருத்தியும் இல்லை. உட்கார முடியாமல் நெளிந்தவர்கள், காலை மாற்றி மாற்றி வைத்தவர்கள், சேலை மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் வேறு எதையோ செய்தவர்கள் என்று வரிசை முழுக்க ஒரு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். தலைவலி கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று மைத்துனருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அவர் தொழில் தெரிந்தவர்.

உள்ளே சாமி சொல்வார்: "தாயே, ஒளிக்காதே. அடியில எரியுது. அரிக்குது. வெள்ளை படுது. ரொம்ப நாளா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்லல."

கேட்டவளுக்கு நெஞ்சு திக்கென்று நின்றுவிடும். பெற்ற தாயிடமும் கட்டியவனிடமும் சொல்லாத விஷயம், ஓட்டை வழியாகக் கையைக் கொடுத்ததும் தெரிந்துவிட்டதே! "இந்த ஊர்லயே உனக்கு மட்டும்தான் இந்தச் சாபம்" என்று சாமி முடிக்கும்போது அவள் பாதி உயிராகியிருப்பாள். பிறகு ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் ஓட்டை வழியாக வெளியே வரும். தண்ணீரில் கரைத்துக் கழுவ வேண்டும். எரிந்தால் சாபம் இறங்குகிறது என்று அர்த்தம். நன்றாகவே எரியும். ஒரு பொட்டலத்தின் காணிக்கைக்கு ஒரு வாரக் கூலி போய்விடும். அது வேறு இடத்து எரிச்சல்.

அடுத்தது தீர்த்தம். மைத்துனர் செம்பிலிருந்து வாய் நிறைய ஊற்றுவார். துப்பக் கூடாது. வழியில் விழுங்கவும் கூடாது. வீட்டு வாசற்படியை மிதித்த பிறகுதான் விழுங்க வேண்டும். அதன் பிறகும் சாமி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது என்பதோடு சாபம் இரட்டிப்பாகிவிடும்.

ஆக, எங்கள் தெருக்களில் எந்நேரமும் கன்னம் உப்பிய பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எதிரே வருகிறவளுக்கும் கன்னம் உப்பியிருந்தால் இருவரும் புருவத்தைத் தூக்கி நலம் விசாரித்துக்கொண்டு போவார்கள். ஓர் அம்மாள் நாய் துரத்தியும் கத்தாமல் ஓடி வீடு சேர்ந்தாள். ஊரே அவள் பக்தியை மெச்சியது. நானும் அந்தத் தீர்த்தத்தை வாயில் வைத்துக்கொண்டு நடந்தவள்தான். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் ஊரின் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் உள்ளாடை தைக்கிறவர்கள். ஊர்க் கோடியில் ஒரு பெரிய தையல் கூடம். எங்கோ தூரத்து நகரங்களில் இருக்கும் பெண்களுக்கு மெல்லிய பருத்தித் துணியில், உறுத்தாத எலாஸ்டிக் வைத்து, ஓரத்தில் பூப் போட்டுத் தைத்து அனுப்புகிறோம். எனக்கு லேபிள் வைக்கிற வேலை. தைத்ததை ஒரு முறை அலசி, கொல்லையில் நீளக் கயிறு கட்டி, சுள்ளென்ற வெயிலில் காயப்போடுவோம். மேஸ்திரி ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் ஈரம் தட்டினாலும் மறுபடி கயிற்றுக்கு அனுப்பிவிடுவார். ஈரத்தோடு அடுக்கினால் அட்டைப் பெட்டியில் பூஞ்சை பிடித்துவிடுமாம். பெட்டியின் மேல் அவருக்கு அத்தனை அக்கறை.

அதே நாங்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் எங்கள் சொந்த உள்ளாடையைத் துவைப்போம். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், ஈரப் பாவாடைக்குள் ஒளித்து, ஆண்கள் கண்ணில் படாத இருட்டில் காயப்போடுவோம். இருட்டில் அது எங்கே காய்வது? காலையில் சில்லென்று அதையே மாட்டிக்கொண்டு வந்து, நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவளுக்கு மொறுமொறுவென்று காய்ந்த உள்ளாடை தைப்போம். எங்களுக்குத் தலைவலி வராமல் வேறு யாருக்கு வரும்?

கூடத்தில் ஓவர்லாக் என்று ஒருத்தி. ஓவர்லாக் மெஷின் துணி ஓரத்தில் தொங்கும் பிசிறை வெட்டிக்கொண்டே தைக்கும். அவள் வாயும் அப்படித்தான்; அதனால் ஆளுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அவளுடைய அம்மா எலாஸ்டிக் மேஜையில் இருக்கிறாள். எங்களுக்கெல்லாம் எலாஸ்டிக் அத்தை. ஓவர்லாக்கின் தம்பி, தைத்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன்காரன். அவனுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. புதுப்பெண்ணும் எங்கள் கூடத்தில்தான் நூல் வெட்டுகிறாள். வாய் அதிர்ந்து பேசாத பிள்ளை.

அந்தப் பிள்ளைக்குத் தலைவலி வந்தது. எலாஸ்டிக் அத்தை அவளைத் திரைச்சாமியிடம் அழைத்துப் போனாள். சாமி முதலில் வழக்கமானதைச் சொன்னார், தூள் கொடுத்தார். பிள்ளைக்கு எரிச்சல் அதிகமாகி அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. மறுபடி போனார்கள். தூள் பலிக்கவில்லை என்றால் சாமிக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? இந்த முறை மாமியாரின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"இது சாதாரணச் சாபம் இல்ல தாயே. உன் மருமக பொறந்த வீட்டுலேருந்து கொண்டுவந்தது. அவ இருக்கிற வரைக்கும் உன் வம்சம் தழைக்காது. வெள்ளிக்கிழமையோட அவளை அனுப்பிடு."

இரண்டு பேருக்கும் வாய் நிறையத் தீர்த்தம் ஊற்றி அனுப்பினார்கள். மாமியாரும் மருமகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் தெரு முழுக்க நடந்து போனதை நான் பார்த்தேன். பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாயில் இருந்ததை மட்டும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பக்தியாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் கூடத்தின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் புதுப்பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஓவர்லாக். அடுத்தது என் முறை என்பதால் நானும் நின்றேன். விசும்பல் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருடி அழறது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வெள்ளிக்கிழமை என்னை அனுப்பிடுவாங்க."

"எதுக்கு?"

"தலைவலிக்கு."

"தலைவலிக்குத் தைலம் தடவுவாங்க. வீட்டை விட்டா அனுப்புவாங்க?"

"அந்தத் தலைவலி..." பிள்ளை எச்சிலை விழுங்கினாள். "அது தலைல இல்ல, அண்ணி."

உள்ளேயிருந்து ஓவர்லாக்கின் குரல் இறங்கி வந்தது.

"எனக்கும் தலைல இல்லடி."

கதவு திறந்தது. ஓவர்லாக் சேலையைக்கூடச் சரிசெய்யாமல் வெளியே வந்தாள்.

"சாமி உன்கிட்ட என்ன சொன்னார்?"

"சொன்னா இரட்டிப்பாயிடும் அண்ணி."

"இனிமே என்ன இரட்டிப்பாகறதுக்கு இருக்கு? பெட்டியே கட்டியாச்சு. சொல்லு."

"தாயே, ஒளிக்காதேன்னார். அடியில எரியுது..."

"அரிக்குது, வெள்ளை படுது," என்றாள் ஓவர்லாக்.

"ரொம்ப நாளா இருக்கு," என்றாள் பிள்ளை.

"வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்லல," என்று முடித்தது என் வாய். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தனை நாளாக ஊரிலேயே எனக்கு மட்டும்தான் என்று நினைத்து எத்தனை அழுதிருக்கிறேன்!

ஓவர்லாக் இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு என் சின்னவன் பொறந்ததுலேருந்து இருக்கு. அப்போ நீ இந்த ஊர்ப்பக்கமே வந்ததில்ல. நீ கொண்டுவந்த சாபம் உனக்கு முன்னாடியே பஸ் ஏறி எனக்கு எப்படிடி வந்து சேர்ந்துச்சு?"

அன்று மத்தியானமே மூன்று பேரும் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் போனோம். போவது சுலபமில்லை. நர்சம்மாவின் அறை டீக்கடைக்கு நேர் எதிரே. பெரிய ஜன்னல், திரை கிடையாது. உள்ளே இருக்கும் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் டீக்கடையில் கிளாஸ் கீழே வைக்கப்படும். அதற்குப் பயந்துதான் ஒருத்தியும் அந்தப் பக்கம் போவதில்லை. சாமியின் வரிசையில் நின்றாலோ பக்தை என்ற பெயர் கிடைக்கும்.

ஓவர்லாக் தன் முந்தானையை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்த மறைவில் நர்சம்மா பிள்ளையைப் பார்த்தார். தூள் விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"முதல்ல அந்தத் தூளைத் தூக்கிக் குப்பையில போடு. புண்ணாக்கி வச்சிருக்கு. இது தொற்றும்மா. சளி பிடிக்கிற மாதிரி, சேத்துப்புண் வர்ற மாதிரி இதுவும் ஒரு தொந்தரவு. மாத்திரை இருக்கு, சரியாயிடும். அடிவயிறு வலிக்கறதால நாளைக்கு டாக்டரம்மா வரும்போது கட்டாயம் காட்டு. விட்டு வச்சா கர்ப்பப்பை வரைக்கும் போகும்."

"எனக்கு மட்டும்தானா நர்சம்மா?"

நர்சம்மா சிரித்தார். "நான் வேலை பார்த்த ஊர்ல எல்லாம் இது இல்லாத தெருவே கிடையாது. வரும், போகும், மறுபடி வரும். எல்லா வெள்ளையும் நோயில்ல, அதையும் தெரிஞ்சுக்குங்க. அரிச்சா, எரிஞ்சா, நாத்தம் வந்தா வந்து சொல்லணும். இந்த ஊர்லதான் ஒருத்தி கூட வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க."

ஓவர்லாக் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அத்தனையும் சொன்னாள். எலாஸ்டிக் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். "மாத்திரை சாபத்தை எடுக்குமாடி? முகத்தைக்கூடப் பார்க்காம அத்தனையும் சொன்னாரே, அந்த நர்சம்மாவால முடியுமா? அந்தப் பேச்சை விடு." வெள்ளிக்கிழமை காலையில் வேனை எடுத்து வைக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டாள். மகன் தலையாட்டினான். அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஓவர்லாக் நேரே ஊர்த் தலைவரிடம் போனாள். பொதுக்கூடத்தைச் சாமிக்குத் திறந்துவிட்டவரே அவர்தான். வாழ்க்கையில் எதையும் தூக்கியறியாததால் அவருடைய கைகள் பஞ்சு மாதிரி இருக்கும். மீசை மட்டும் முரடு.

"தலைவரே, சாமி பெருமை இந்த ஊரோட நின்னா போதுமா? வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி ஒரு சோதனை வைப்போம். உங்க வீட்டம்மா வளையலைப் போட்டுக்கிட்டு ஓட்டையில நீங்க கையை நீட்டுங்க. சாமி தொட்டதும், 'இது தலைவர் கை'ன்னு சொல்லிடுவார். அப்புறம் உங்க பேரும் சாமி பேரும் எங்கேயோ போயிடும்."

தலைவருக்குத் தன் பெயர் எங்கேயாவது போவதென்றால் கரும்பு தின்பது மாதிரி. அன்றே நாவிதரைக் கூப்பிட்டுக் கையில் இருந்த முடியை வழித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொதுக்கூடம் நிரம்பி வழிந்தது. திரைக்கு முன்னால் பெண்கள் தரையில், ஆண்கள் சுவரோரம். சோதனை இருப்பது சாமிக்குத் தெரியாது. பொதுத் தரிசனம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்த மைத்துனர் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து பெண்கள் எல்லோர் வாயிலும் தீர்த்தம் ஊற்றினார். தரிசனம் முடியும்வரை யாரும் விழுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, காணிக்கை எண்ண வாசலுக்குப் போய்விட்டார். கூடம் முழுக்க உப்பிய கன்னங்கள். ஓவர்லாக் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயை மூடியிருந்ததை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

புதுப்பெண் ஓர் ஓரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரிசனம் முடிந்ததும் அப்படியே வேனில் ஏற வேண்டும்.

தலைவர் வளையல் குலுங்க ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"தாயே," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "ஒளிக்காதே. அடியில எரியுது. அரிக்குது. வெள்ளை படுது. ரொம்ப நாளா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்லல. கர்ப்பப்பை கோவிச்சுக்கிட்டு ஒரு பக்கமா திரும்பி உக்காந்திருக்கு."

"என்னது?" என்று தலைவர் மீசையோடு கேட்டார்.

ஓவர்லாக் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கயிறு அறுந்து திரை விழுந்தது. அங்கே முகத்தில் வியர்வை மட்டுமே வீசிக்கொண்டிருந்த ஓர் ஆள், வளையல் போட்ட தலைவரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இதோடு கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஓவர்லாக்கும் அப்படித்தான் நினைத்தாள். எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

சாமி ஒரு நொடி விழித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இவர் போன பிறவியில ஒரு தாய். அந்தக் கர்ப்பப்பை இந்தப் பிறவியிலயும் இவரை விடாம கூடவே வருது."

சுவரோரம் நின்ற ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் மெதுவாக வயிற்றைத் தடவினார். "அதான் சாப்பிட்டதும் ஒரு பக்கமா இழுக்குதா? நான் வாயுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!" என்று நெகிழ்ந்து போய்ச் சொன்னார். பின்னாலிருந்த ஓர் ஆசாமி, தனக்கும் போன பிறவியில் ஏதாவது உண்டா என்று பார்க்கும்படி கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஊர் ஆண்கள் அனைவருக்கும் அன்றே கர்ப்பப்பை வந்திருக்கும்.

சாமிக்கு தைரியம் வந்துவிட்டது. எழுந்து நின்று ஓவர்லாக்கை நோக்கி விரலை நீட்டினார்.

"என்னையே சோதிக்கிறியா? உன் வீட்டை முதல்ல பாரு! அதோ உக்காந்திருக்காளே உன் தம்பி பொண்டாட்டி, அவளுக்குத்தான் வெள்ளை நோய்ச் சாபம். அவளாலதான் இந்த ஊருக்கே கேடு!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிள்ளை பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்குள் இருந்த ஒரே ஒரு ரகசியத்தை ஊர்க் கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டு அந்த ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் வாயிலிருந்த தீர்த்தம் கொதித்திருக்க வேண்டும்.

ஓவர்லாக் கத்தவில்லை. முதன்முறையாக அவள் குரல் நிதானமாக இருந்தது.

"சரி சாமி. ஒரே ஒரு கேள்வி, ஊருக்குத்தான். 'தாயே ஒளிக்காதே, அடியில எரியுது, அரிக்குது.' இந்த வாசகத்தைச் சாமி வேற யாருக்கெல்லாம் சொல்லியிருக்கார்? கையைத் தூக்குங்க."

எல்லோருக்கும் முன்னால் தலைவர் கையைத் தூக்கினார். "எனக்கு இப்பதான் சொன்னார்!"

ஓவர்லாக் தன் கையைத் தூக்கினாள். நான் தீர்த்தத்தை மேஸ்திரியின் செருப்புப் பக்கமாகத் துப்பிவிட்டுத் தூக்கினேன். "எனக்கும் சொன்னார். எனக்கு மட்டும்தான்னும் சொன்னார்." பிள்ளை பைக்குள் முகத்தை வைத்தபடியே ஒரு கையைத் தூக்கினாள்.

அதன் பிறகு வேறு ஒரு கையும் எழவில்லை. உப்பிய கன்னங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சாமியின் உதட்டில் சிரிப்பு அரும்பியது.

எலாஸ்டிக் அத்தை மகனைப் பார்த்தாள். பிள்ளையின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அவள் கன்னம் நடுங்கியது. பிறகு எழுந்து நின்று, வாயிலிருந்ததைச் சாமியின் காலடியிலேயே துப்பினாள்.

"எனக்கும் சொன்னான்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கு இவன் வயித்துல இருந்தப்பலேருந்து இருக்கு." வேன்காரனைக் காட்டினாள். "அன்னிக்கு இந்தப் பொண்ணு பொறக்கவே இல்ல. அவ எங்கேருந்துடா எனக்குக் கொண்டுவந்தா? என் கையைப் பிடிச்சுக்கிட்டே அவளை அனுப்பச் சொன்னியே! இத்தனை வருஷமா நானும்தான் அரிப்போட உக்காந்து அடுத்தவளுக்கு எலாஸ்டிக் வச்சேன். எனக்கும்தான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனேனே..."

பிள்ளை பையை விட்டுவிட்டு வந்து மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? கூடத்தின் நாலாபக்கமும் துப்புகிற சத்தம். மழை பெய்து முடித்த வாசல் மாதிரி தரை நனைந்துபோனது. கைகள் எழுந்தன. கடைசி வரிசையில் இருந்த கிழவிகளின் கைகளும் எழுந்தன. மேஸ்திரியின் மனைவி கையைத் தூக்கியபோது மேஸ்திரிக்குத் தன் கன்னத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றியது. நாய் துரத்தியும் கத்தாத அம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னேன்," என்றாள் ஓர் இளம்பெண். "வந்துக்கிட்டு இருக்கு, வழியில இருக்குன்னார்!"

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. ஓவர்லாக் சிரிப்புக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"இதுதான் ஞான திருஷ்டி! மழைக்காலத்துல வீட்டுக்கு வீடு போய், 'உன் கூரை ஒழுகுது'ன்னு சொன்னா, ஒழுகற வீட்டுக்காரன் எல்லாம் கும்பிட மாட்டானா? பக்கத்து வீட்டுக் கூரையும் ஒழுகுதுன்னு தெரியாம இருக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் நம்ம வாயில தண்ணியை ஊத்தி மூடினான்."

சாமி பின்வாசலைப் பார்த்தார். அங்கே சமையல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சாமிக்குப் பணிவிடை செய்கிறவள் என்று நாங்கள் காலில் விழுந்து கும்பிட்ட அம்மாள். அவள் வலது கை மெதுவாக மேலே போனது.

"எனக்கும்தான் இருந்துச்சு," என்றாள்.

"அடியே, உள்ள போ!" என்று சாமி சீறினார். இப்படி ஒருவர் சீறினால் அவள் அவருக்கு என்ன முறை என்று ஊருக்குத் தெரியாதா?

"போறேன். சொல்லிட்டுப் போறேன். இவர் தூளை நான்தான் கலக்கறேன். துணிக்குப் போடற சோடாவும் வாசனைப் பவுடரும். போன ஊர்ல எனக்கு வந்தப்போ இவர் அதை எங்கிட்ட நீட்டல. 'நீ போய் நர்சம்மாகிட்ட மாத்திரை வாங்கிக்கோ'ன்னார். வாங்கித் தின்னேன். சரியாப் போச்சு."

சலவைச் சோடா! எங்கள் கூடத்தில் துணியில் எண்ணெய்க் கறை பட்டால் போடுவோமே, அதேதான். மெஷின் எண்ணெயே அதற்கு முன்னால் நிற்காது. அதைத்தான் ஒரு வாரக் கூலி கொடுத்து வாங்கி, எரிந்தால் புண்ணியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

சாமியும் மைத்துனரும் எந்த வழியாகப் போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. செம்பைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் அவர்களோடு போகவில்லை. இப்போது எங்கள் கூடத்தில் பெட்டி மடிக்கிறாள்.

கூட்டம் கலையும் முன், ஓவர்லாக் அழைத்துவந்திருந்த நர்சம்மா எழுந்து எல்லோரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். கிளம்பப்போன ஆண்களையும் நிறுத்தினார். "சில வகைத் தொற்றுக்கு வீட்டுக்காரரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடணும். இல்லேன்னா திரும்பத் திரும்ப வரும்." ஆண்களுக்குக் குறையே கிடையாது என்று கேட்டுக் கேட்டுப் பூரித்திருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். வேன்காரன் மட்டும் தன் மனைவியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் சாப்பிடறேன்," என்றான். வேன் அன்று வீட்டுப் பக்கம் திரும்பியது. டாக்டரம்மா கொடுத்த மருந்தில் பிள்ளைக்கு அடிவயிற்று வலியும் போய்விட்டது.

தலைவர்தான் இன்னும் தேறவில்லை. கர்ப்பப்பையை நேராக்கும்படி நர்சம்மாவிடம் வாரம் ஒரு முறை வந்து நிற்கிறார். அவர் வாயு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்.

விழுந்து கிடந்த சிவப்புத் திரையை ஓவர்லாக் தையல் கூடத்துக்கு எடுத்துவந்து, அந்த ஓட்டையை இரட்டைத் தையல் போட்டு அடைத்தாள். இப்போது அது நர்சம்மாவின் ஜன்னலில் தொங்குகிறது. டீக்கடையில் கிளாஸ்கள் வேளையோடு காலியாகின்றன. எங்கள் வீட்டுக் கயிறுகளிலும் எங்கள் சொந்த உள்ளாடைகள் வெயிலில் ஆடுகின்றன. முதலில் கொஞ்ச நாள் ஆண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். இப்போது பழகிவிட்டது.

மைத்துனர் விட்டுப்போன செம்பு எங்கள் கூடத்தில் குடிதண்ணீர்ப் பானை மேல் இருக்கிறது. அதில் மொண்டு குடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாயில் எதையாவது ஊற்றி, மூடிக்கொண்டு போ, வெளியே சொன்னால் பலிக்காது என்று எவனாவது சொன்னால், அவன் காலடியிலேயே துப்பிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேளுங்கள்: "உனக்கும்தானா?"